ஆவிரையும் கிளுவையும்: சேலம், நாமக்கல் வறள்நிலப் புதற்செடிகளின் வரலாறு

1. தோற்றுவாய்

ஒரு நாட்டு மக்கள் செடிகொடிகளோடு கொண்ட உறவை அறிய விழைவோர், அவர்கள் சோலையில் நட்டு வளர்த்தவற்றை ஆராய்வதோடு அமைதல் கூடாது. நடாமலே தம் வாழ்வில் இடமளித்தவற்றையும் ஆராய்தல் வேண்டும். முன்னவை செல்வரின் விருப்பத்தைக் காட்டும். பின்னவை நிலத்தின் இயல்பையும் பொதுமக்களின் வழக்கத்தையும் காட்டும். வான்மழை ஒன்றையே நம்பிய வறண்ட நிலத்தில், வெயிலைத் தாங்கிக் குறுகி அடர்ந்து வளரும் புதற்செடிகள் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வரலாற்றைச் சேலம், நாமக்கல் சமவெளியை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஓர் எளிய காட்சி. சேலம் மாநகரில் அழகாபுரத்தையும் ஐந்து ரோட்டையும் அடுத்து ஃபேர்லேண்ட்ஸ் என வழங்கும் குடியிருப்புப் பகுதி உளது. மார்கழித் திங்களின் இறுதி நாளாகிய போகியன்று, கொங்கு நாட்டின் பிற ஊர்களைப் போன்றே இங்கும் வீட்டு வாயில்களில் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுவர். அப்பூக்களைக் கடைவீதியில் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்கி வருகின்றனர். ஆனால் அவ்வீட்டு முற்றங்களில் நிற்பன காகிதப்பூவும் குரோட்டன்சும் பிற அயல்நாட்டு அழகுச் செடிகளுமே. வாயிலில் கட்டுதற்குரிய செடி முற்றத்தில் வளர்த்தற்கு ஆகாததாயது ஏன்? பண்டும் அஃது அவ்வாறே இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

2. நிலத்தின் இயல்பு

சேலம் நகரம் குன்றுகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற நிலத்தில் அமைந்துள்ளது. வடக்கே நகரமலையும் அதற்கப்பால் சேர்வராயன் மலைத்தொடரும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும் உள்ளன. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு நகரின் ஊடே ஓடி நாமக்கல் நிலத்தின் வழியே காவிரியை அடைகிறது. மழை தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் பகிர்ந்து பெய்கிறது. நாமக்கல் பக்கம் அது மேலும் குறைவு. தை முதல் பங்குனி வரை பெரும்பாலும் மழையில்லை. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகை செல்சியசை ஒட்டி நிற்பது உண்டு.

மண் பெரும்பான்மையும் செம்மண்ணும் சரளையுமாகும். ஊருக்கு ஊர் எழுந்து நிற்கும் சிறு கற்குன்றுகளை இந்நாட்டார் கரடு என்பர். நகருக்கு வடமேற்கே வெள்ளைக்கல் என வழங்கும் மாக்னசைட்டுக் குன்றுகள் உள்ளன. மக்னீசியம் மிகுந்து சுண்ணமும் பிற ஊட்டங்களும் குறைந்த அத்தகைய மண்ணில் பெருமரங்கள் எளிதில் ஓங்குவதில்லை. குறுகிய செடிகளே நிலைக்கின்றன. ஆகவே இந்நிலத்திற்குப் புதற்செடி இயற்கையாகவே உரியது எனலாம்.

இவ்வகைச் செடிகளைக் குறிக்கப் பழந்தமிழில் புதல் என்னும் சொல் வழங்கிற்று. தொல்காப்பிய மரபியல் நிலைத்திணையைப் புறத்தே வயிரமுடையது புல் என்றும், அகத்தே வயிரமுடையது மரம் என்றும் இரண்டாகப் பகுத்தது. இடைப்பட்ட உயரமுடையவற்றிற்குத் தனி வகுப்பு அமைக்கவில்லை. ஆயினும் மக்கள் வழக்கில் புதல், தூறு, செடி, பற்றை எனச் சொற்கள் பல எழுந்தன. இலக்கண நூல் வகுப்பமைக்காத ஒன்றிற்கு வழக்கில் இத்துணைப் பெயர்கள் இருந்தமை, அஃது அன்றாட வாழ்விற்கு எத்துணை அணிமையது என்பதைக் காட்டும்.

3. இலக்கியம் காட்டும் இரு நிலைகள்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் பூக்கள் 99 என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்ததே. அவற்றுள் ஆவிரை, சிறுபூளை, காயா, தும்பை, சூரல், சிந்துவாரம் ஆகியவையும் இடம்பெறுகின்றன. சிந்துவாரம் என்பது கருநொச்சி. சுனையில் ஆடிய மகளிர் பறித்துக் குவித்த மலர்களுள் வறள்நிலத்துப் பூக்களும் தாமரை, குவளை முதலிய நீர்ப்பூக்களும் வேறுபாடின்றி விரவிக் கிடக்கின்றன. இஃது ஒரு நிலை.

மற்றொரு நிலை மடலேறுதலில் காணப்படுகிறது. காமம் மிக்க தலைவன் பனைமடலால் செய்த குதிரைமேல் ஊர்ந்து மன்றத்தில் தோன்றும்போது ஆவிரை, பூளை, எருக்கு ஆகியவற்றைச் சூடுவதாகக் கலித்தொகை கூறும். ஆவிரை மாலை அணிந்த பனைமாவைக் குறுந்தொகையிலும் காண்கிறோம். நாணம் துறந்தமையை ஊரார்க்குப் புலப்படுத்தவே அவன் இவற்றைச் சூடினான் என்க. எனவே இவை மாந்தர் இயல்பாக விரும்பிச் சூடும் பூக்கள் அல்ல என்பதும், ஊர்ப்புறத்தில் எவர்க்கும் எளிதாகக் கிடைத்தன என்பதும் பெறப்படும்.

இவ்விரு நிலைகளும் முரண்படுவன போலத் தோன்றும். ஆனால் இரண்டிற்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. இரண்டிலும் பூ பறிக்கப்படுகிறது, செடி நடப்படவில்லை. பெரும்பாணாற்றுப்படை வரகுச் சோற்றிற்குப் பூளைப்பூவை உவமை கூறுகிறது. வரகு விளையும் புன்செயும் பூளை முளைக்கும் தரிசும் ஒன்றையொன்று அடுத்தவை. உண்ணும் சோற்றிற்கு உவமையாகும் அளவிற்குப் பூளை கண்முன் நின்றது. ஆயினும் அதனை எவரும் வளர்த்ததாகச் செய்தி இல்லை.

நட்டு வளர்த்த இடங்களோ வேறு. கா, பொழில், தண்டலை என்பன நீர்வளம் உடையனவாகவே பெரிதும் பேசப்படுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனத்திற்கு நிலம் விட்ட செய்திகள் பல உள. அந்நிலத்தை நந்தவனப்புறம் என்றனர். செங்கழுநீர் போன்ற நீர் விரும்பும் மலர்களுக்கும் அறக்கட்டளை அமைத்தனர். நந்தவனம் என்பது கிணறும் ஏற்றமும் குடியாளும் கூடிய ஏற்பாடு. அங்கு ஆவிரைக்கும் பூளைக்கும் வேலை இல்லை. அவற்றைப் பேணுதற்குப் பொருளும் வேண்டியதில்லை.

இவ்விரு உலகங்களுக்கும் இடையே நின்றது நொச்சி. குறுந்தொகையில் வரும் தோழி, வீட்டின் அயலில் நின்ற நொச்சியின் பூ உதிரும் ஓசையை இரவெல்லாம் துயிலாது கேட்டிருந்ததாகக் கூறுகிறாள். புறநானூற்றில் அதே நொச்சி, மகளிர்க்குத் தழையாகவும் மதில் காக்கும் மறவர்க்குக் கண்ணியாகவும் அமைகிறது. மதிற்காவலுக்கு நொச்சி என்றே பிற்காலப் புறத்திணை நூலார் பெயரிட்டனர். மனையின் எல்லையில் நின்ற செடியே மதிலின் எல்லைக்கும் அடையாளமாயிற்று எனக் கருதுதல் பொருந்தும். வறள்நிலச் செடி மனையை நெருங்கிய இடம் எல்லையே என்பது இதனால் விளங்கும்.

4. ஊர்ப்பெயர்ச் சான்று

ஊர்ப்பெயர்கள் வரலாற்றுக்குக் கருவியாகும் என்பதை ரா. பி. சேதுப்பிள்ளை தமது ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலில் விரிவாக நிறுவினார். புதற்செடிகளால் பெயர்பெற்ற ஊர்கள் தமிழகம் எங்கும் உள்ளன. மதுரையை அடுத்த மேலூர்ப் பகுதியில் தும்பைப்பட்டியும், உடுமலைப்பேட்டைப் பகுதியில் கிளுவங்காட்டூரும், சென்னைக் கடற்கரையில் நொச்சிக்குப்பமும் எடுத்துக்காட்டுகளாம்.

கொங்கு நாட்டின் தலைநகர் போல் விளங்கும் கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையமும் பீளமேடும் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. பீளமேடு என்பது பூளைமேடு என்பதன் மரூஉ என்பர். இது பொருந்துமாயின், காப்புக் கட்டிற்குரிய இரு செடிகளும் இரண்டு அண்டை ஊர்களாக நிலத்தில் பொறிக்கப்பட்டுள்ளன எனலாம். இன்று அவ்விரண்டும் ஆலைகளும் கல்லூரிகளும் வீடுகளும் நிறைந்த நகர்ப்பகுதிகள். பெயர் நிலைத்தது, பெயருக்குரிய செடி அகன்றது. ஃபேர்லேண்ட்சோ பெயரளவிலும் அந்நிலத்துச் செடி எதனையும் நினைவூட்டுவதில்லை. அங்கு அந்நினைவைப் போற்றுவது போகிநாள் காப்பு ஒன்றே.

5. காப்புக் கட்டு

காப்புக் கட்டு வழக்கம் வீட்டு வாயிலோடு நிற்பதன்று. மாட்டுத் தொழுவம், களம், கிணறு, விளைநிலம் ஆகியவற்றிலும் கட்டுவர். தை பிறக்கும் முன்னர் உழவனுக்கு உரியவை அனைத்தும் காப்புப் பெறுகின்றன.

கலித்தொகையில் ஆவிரையும் பூளையும் இணைந்து வருதலும், கொங்கு நாட்டுக் காப்பில் அவை இணைந்து வருதலும் நோக்கத்தக்கன. இதனைக் கொண்டு மடலேறுதலிலிருந்து காப்புக் கட்டு பிறந்தது என்று கூறுதல் துணிபாகாது. இடைக்காலச் சான்றுகள் கிடைக்காத வரை அம்முடிவு ஊகமேயாம். எமக்குப் பொருத்தமாகத் தோன்றுவது வேறு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தையில் தரிசு நிலத்தில் மஞ்சள் ஆவிரையும் வெண்பூளையும் அருகருகே ஒருசேரப் பூத்து நிற்கும். நிலத்தில் இணைந்தவற்றையே புலவனும் இணைத்தான்; உழவனும் இணைத்தான். இலக்கியத்திற்கும் வழக்கிற்கும் பொதுவான மூலம் அந்நிலமே.

ஆவாரை பூத்திருக்கையில் சாவாரும் உண்டோ என்னும் கருத்துடைய பழமொழி, மருத்துவத்தில் அதற்கிருந்த மதிப்பைக் காட்டும். பூளையைச் சிறுகண்பீளை எனச் சித்த மருத்துவர் கல்லடைப்பு முதலிய நீர்நோய்களுக்குப் பயன்படுத்துவர். மடலேறுவோன் சூடிய இழிபூ, மருந்தாகவும் மங்கலக் காப்பாகவும் மதிப்பேறியது இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

6. பட்டையின் ஏற்றமும் இறக்கமும்

ஆவிரைக்கு வணிக வரலாறும் ஒன்று உண்டு. 1753-இல் லின்னேயஸ் அதற்குக் காசியா ஆரிகுலேட்டா எனப் பெயரிட்டார். இலைக்காம்பின் அடியில் காது போன்று அமைந்த பெரிய செதில்களே அப்பெயருக்குக் காரணம். இன்று அது சென்னா ஆரிகுலேட்டா என வழங்குகிறது. ஐரோப்பியர் அதனைத் தோல் பதனிடுவோர் செடி என்றே அழைத்தனர். அதன் பட்டையில் உள்ள துவர்ப்பொருள் தோலை வெளிறிய நிறத்தில், மென்மை கெடாமல் பதப்படுத்தும். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாநிலத்திலிருந்து கடல்கடந்து சென்ற பதனிட்ட தோல்களுக்கு ஆவாரம்பட்டையே பெருந்துணையாயிற்று.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குரோம் உப்பால் பதனிடும் முறை சென்னையில் பரவலாயிற்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டையும் மலிவாக வந்தது. ஆவாரம்பட்டையின் விலை சரிந்தது. தரிசில் தானே முளைத்த செடி உழவனுக்குச் சிறு வருவாய் தந்தவரை, அத்தரிசை வெற்றுநிலம் என்று எவரும் கூறியிருக்க மாட்டார். பட்டை விலைபோகாத பின்னர், தரிசு பயனற்றது என்னும் எண்ணம் எளிதில் வேரூன்றியிருத்தல் கூடும் என யாம் கருதுகின்றோம்.

7. வந்தேறிய செடிகள்

இதே காலத்தில் அயல்நாட்டுச் செடிகள் இந்நிலத்தில் பரவின. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த நாகதாளி வேலிக்கு நடப்பட்டுப் பின் வயலையும் வழியையும் மூடியது. 1926-இல் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட ஒருவகைச் செதிற்பூச்சியே தென்னாட்டில் அதனை அடக்கியது. அழகுக்காக வளர்த்த உண்ணிச்செடி தோட்டத்தை விட்டு வெளியேறிச் சேர்வராயன் சரிவுகளில் பிற செடிகளை நெருக்கித் தான் நின்றது. 1877-ஆம் ஆண்டளவில் இந்தியாவிற்கு வந்த சீமைக் கருவேலம் பின்னர் விறகுக்கும் வேலிக்கும் எனப் பரப்பப்பட்டு, ஏரிகளையும் தரிசுகளையும் கைக்கொண்டது.

இவற்றின் வரலாறு ஒரு பாடத்தைத் தருகிறது. மூன்றும் வறட்சியைத் தாங்குவன, வெயிலை விரும்புவன. எனவே வறட்சியைத் தாங்கும் என்னும் ஒரே பண்பைக் கொண்டு ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது. அந்நிலத்தின் பூச்சியும் பறவையும் கால்நடையும் அதனோடு பழகியிருத்தல் வேண்டும். ஆவிரையின் இலையை உண்டு வளரும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் உள்ளன. இலை சற்றுக் குறைந்தாலும் செடி மீண்டும் தளிர்க்கும். இவ்வாறு கொண்டும் கொடுத்தும் அமைந்த சமநிலை வந்தேறிய செடிகளுக்கு வாய்க்கவில்லை.

8. நட்ட செடி ஒன்று: கிளுவை

மேற்கூறியவற்றால், வறள்நிலப் புதர்களைத் தமிழர் நட்டதே இல்லை என்று எவரேனும் முடிவு செய்தல் கூடும். அம்முடிவைக் கிளுவை மறுக்கிறது.

நாமக்கல்லை அடுத்துக் காவிரியின் மேல்புறத்தே கரூர், ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. மழைக்கால்நிலத்தைப் பிரித்து உயிர்வேலி அமைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிற்கவிடுவர். காங்கேயம் மாடுகள் இந்நிலத்தில் மேய்ந்து வளர்ந்தவை. அவ்வேலிக்கு உரிய செடி கிளுவை. அதனைத் தாவரநூலார் கொமிஃபோரா பெர்ரியி என்பர்.

கிளுவையின் போத்துகளை மழைக்கு முன் வெட்டிச் சிலநாள் நிழலில் வைத்து, நெருக்கமாக ஊன்றுவர். மழை விழுந்ததும் வேர்விடும். கோடையில் இலையுதிர்த்து நீரிழப்பைத் தவிர்க்கும். பசுமையான அதன் தண்டே உணவு ஆக்கும் தொழிலைச் சிறிது செய்யும். முள் உண்மையால் ஆடுமாடு புகாது. ஆண்டுதோறும் கழித்துவிட்டால் குறுகி அடர்ந்து நிற்கும். பெரும்பாணாற்றுப்படை கூறும் ஆயர் குடியிருப்பின் வேலி, வெட்டி இட்ட முள்வேலி. அஃது உலர்ந்தது, மீண்டும் மீண்டும் இடவேண்டுவது. கிளுவை வேலியோ ஒருமுறை ஊன்றினால் தலைமுறை கடந்து நிற்பது. இடுமுள்ளிலிருந்து உயிர்வேலிக்கு வந்தது உழவரின் அறிவு வளர்ச்சியில் ஒரு படியாகும்.

எனவே உண்மை இதுவாகும்: நம் முன்னோர் இந்நிலத்துப் புதர்களை இரு வகையில் பேணினர். எல்லையில் தேவைப்பட்டவற்றை நட்டுப் பேணினர். ஏனையவற்றை இடம்விட்டுப் பேணினர். கரடு, வரப்பு, தரிசு, புறம்போக்கு ஆகியவை இவ்விடங்கள். இடம்விடுதலும் ஒருவகை வளர்ப்பே. அவ்விடங்கள் மனைகளாக மாறிய பின்னர் இரண்டாம் முறை செயலற்றுப் போயிற்று. போகியன்று பூவை விலைக்கு வாங்க நேர்ந்ததன் காரணம் இதுவே.

9. இனி வளர்க்கும் முறை

இடம்விட்டுப் பேண இயலாதபோது நட்டுப் பேணுதல் ஒன்றே வழி. ஃபேர்லேண்ட்ஸ் போன்ற பகுதியின் சிறு முற்றங்களுக்கு ஏற்றவை ஐந்தினை ஈண்டுச் சுருக்கிக் கூறுதும்.

ஆவிரையின் விதைத்தோல் கடினமானது. கொதித்து இறக்கிய நீரில் விதையை இட்டு ஓரிரவு ஊறவிட்டு விதைத்தல் நன்று. ஆணிவேர் விரைந்து ஆழ இறங்குமாதலின், நிலைத்து நிற்கவேண்டிய இடத்திலேயே விதைப்பது சிறந்தது. வளர்ந்த செடியைப் பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பட்டுப்போம். பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு கழித்துவிட்டால் இடுப்பளவில் அடர்ந்து நிற்கும்.

சிறுபூளை செடி என்பதினும் பூண்டு எனத்தகும். அதன் நுண்விதையைச் சரளை மண்ணின்மேல் தூவி விட்டால் போதும். பின்னர்த் தானே உதிர்ந்து முளைக்கும். ஆவிரையின் அடியில் வளர ஏற்றது.

விராலி கிழக்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளில் மிகுதியாகக் காணப்படுவது. அதன் இலைமேல் படர்ந்த பிசின் நீரிழப்பைக் குறைக்கும். வெட்டி ஒழுங்குபடுத்தத் தக்கதாதலின் வேலிக்கும் ஆகும். நொச்சி போத்து ஊன்றினால் வேர்விடும். விட்டுவிட்டால் சிறுமரமாகும், ஆண்டுதோறும் வெட்டினால் புதராகவே நிற்கும். காயா மெல்ல வளர்வது. ஆனால் பளபளக்கும் பச்சிலையும் கொம்பை ஒட்டி மலரும் நீலப்பூவும் பொறுமைக்குத் தக்க பயன் தரும். திருமாலின் மேனி நிறத்திற்குப் புலவர் காயாவை உவமித்தது ஏன் என்பது, பூத்த செடியை ஒருமுறை கண்டார்க்கு விளங்கும்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான நெறி சில. நடுதற்குரிய காலம் ஆடி முதல் ஐப்பசி வரை. குழியில் எருவை மிகுதியாக இடுதல் கூடாது. கொழுத்த மண்ணில் தண்டு நீண்டு தளர்ந்து சாயும். நீர் தேங்காவண்ணம் சரளை கலக்க வேண்டும். முதற்கோடை முடியும்வரை வாரம் ஒருமுறை ஆழ நீர் விடுதல் வேண்டும். அதன்பின் மழையே போதும். நாள்தோறும் சிறிது நீர் தெளித்தல் தீமையே செய்யும். வேர் ஆழத்தை நாடாது மேலே படரும். அன்பினால் அழிவது இவ்வகைச் செடிகளில் மிகுதி.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: சேலம், நாமக்கல் வறள்நிலத்தில் புதற்செடிகள் இயல்பாக உரியவை, இலக்கியமும் ஊர்ப்பெயரும் வழக்கமும் அவற்றை நன்கு அறிந்திருந்தன, ஆயினும் வேலிச்செடிகள் நீங்க, அவை நடப்படாமல் இடம்விட்டுப் பேணப்பட்டன, பட்டை வணிகத்தின் வீழ்ச்சியும் வந்தேறிய செடிகளின் பெருக்கமும் நகரின் விரிவும் அவ்விடத்தைப் பறித்தன.

நிலைத்திணைப் பெயர்களை இன்ன செடி எனத் தெளிவுறுத்தும் பணியில் தமிழ் அறிஞர் பலர் உழைத்துள்ளனர். பி. எல். சாமியின் சங்க இலக்கியச் செடிகொடி ஆராய்ச்சி அவற்றுள் தலையாயது. திருச்சிராப்பள்ளி ரபினாட் தாவரக் களஞ்சியத்தின் கே. எம். மேத்யூ 1980-களில் வெளியிட்ட கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுதி, இந்நிலத்துச் செடிகளை நேரிற் கண்டு தொகுத்தது. நூலறிவு நம்மிடம் உளது. ஆனால் குறிஞ்சிப்பாட்டை வரிவரியாக உரைக்க வல்ல முதுகலை மாணவர், ஆவிரையைக் கடைவீதிக் கட்டிலன்றிச் செடியில் கண்டதில்லை என்னும் நிலை வருமாயின், உரையாசிரியர் பணி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும். இலவு, பூளை என ஒரே சொல் இருவேறு பஞ்சுகளுக்கு வழங்கும் இடங்களில், செடியைக் கண்டறியாதார் மயங்குதல் உறுதி.

ஆதலின் தமிழ்த்துறைகள் தத்தம் கல்லூரி வளாகத்தின் வறண்ட மூலை ஒன்றை ஆவிரைக்கும் பூளைக்கும் நொச்சிக்கும் காயாவுக்கும் ஒதுக்குதல் தகும். அதற்குக் கிணறும் வேண்டா, நந்தவனப்புறமும் வேண்டா. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையின் கவனமும் போதும். ஃபேர்லேண்ட்சின் முற்றங்களிலும் அவ்வாறே ஆகுமாயின், போகியன்று வாயிலில் ஏறும் காப்பு அவ்வீட்டு மண்ணிலேயே பூத்ததாகும். அந்நாள் வருதல் அரிதன்று என்பது எம் துணிபு.